படிப்பை நிறுத்தாத காவல்

காலை எட்டு மணிவாக்கில் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால், முன்பாதி முழுக்கப் பெண் பிள்ளைகள். தோளில் பை, கையில் போன், பைக்குள் டிபன் பாக்ஸ். உள்கிராமங்களிலிருந்து மினி பஸ்ஸிலோ அப்பாவின் பைக்கிலோ வந்து இங்கே பஸ் மாறுகிறவர்களும் அதில் உண்டு. குண்டாற்றங்கரை ஊரை விட்டு பஸ் மேற்கே போகப் போக, இருபுறமும் வேலிக்காத்தான் அடர்ந்து கிடக்கும். நடுநடுவே கரிமூட்டத்துப் புகை. மழை கண் திறந்த வருடமானால் பருத்தியும் மல்லியும் தெரியும். இல்லாத வருடம் வெறும் கரிசல்தான்.

இந்தப் பஸ்ஸில் இத்தனை பெண் பிள்ளைகளைப் பார்ப்பது எங்கள் சீமைக்குப் பெரிய விஷயம். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அதே வருடம் அரசு அறிவித்த பத்துப் புதிய கலை அறிவியல் கல்லூரிகளில் திருச்சுழியும் ஒன்று. 2022 செப்டம்பர் 5 முதல், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. பஸ் காசுக்குக் கணக்குப் பார்த்து மகளை வீட்டில் வைத்துக்கொண்ட தகப்பன்மாருக்கு இப்போது அந்தக் காரணம் இல்லை.

பஸ் வந்துவிட்டது, பணம் வந்துவிட்டது, கல்லூரியும் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் முழுதாக வராதது ஒன்று உண்டு. வழியிலோ வகுப்பிலோ ஒரு தொல்லை என்றால் அதை வீட்டில் சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலும் இதே பஸ்ஸில் ஏறலாம் என்ற நம்பிக்கை. கல்லூரிப் பாதுகாப்பு என்று பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

அன்று: ஐந்து மணி பஸ்

1970 வாக்கில்தான் அருப்புக்கோட்டையில் கல்லூரிப் படிப்பு வேரூன்றியது. தறி நெய்தவர்களும் கடை வைத்தவர்களும் தங்கள் சமூகத்தின் முயற்சியில் தேவாங்கர் கலைக் கல்லூரி, சைவ பானு சத்திரியக் கல்லூரி என்று கட்டி எழுப்பினார்கள். அதுவரை மேல்படிப்பு என்றால் வெளியூருக்குப் போக வேண்டும். பெண் பிள்ளை வெளியூருக்குப் போய்ப் படிப்பதைப் பல வீடுகளில் பேச்சுக்குக்கூட எடுக்க மாட்டார்கள்.

உள்ளூரில் கல்லூரி வந்தபின் போன பெண்களுக்கு அன்று இருந்த காவல் எது? சுற்றுச்சுவர், கேட்டில் வாட்ச்மேன், பெண்களுக்குத் தனி வரிசை, தனி ஓய்வறை. கல்லூரி விட்டதும் ஐந்து மணி பஸ். அதை விட்டால் வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டும். பஸ்ஸில் கண்டக்டருக்கு அடையாளம் தெரியும், "இன்னார் மக" என்று. இறங்கும் இடத்தில் அப்பாவோ அண்ணனோ சைக்கிளோடு நிற்பார்கள். அந்தக் காவலை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது பலரைக் காத்தது. முகம் தெரிந்த ஊரில் கை நீட்டப் பயந்தவர்கள் உண்டு.

ஆனால் அந்தக் காவலுக்கு ஒரு விலை இருந்தது. அதை எப்போதும் பெண்தான் கொடுத்தாள்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். பஸ்ஸில் எவனோ ஒருவன் அவள் நோட்டுக்குள் ஒரு கடிதத்தைச் செருகிவிட்டான். அவன் யாரென்றுகூட அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பயந்துபோய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. "போதும் தாயி, இதுவரைக்கும் படிச்சது" என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை அவளுடைய டிபன் பாக்ஸ் கழுவிக் கவிழ்த்தபடியே அடுக்களையில் இருந்தது. அடுத்த தை மாதம் கல்யாணம். கடிதம் எழுதினவன் அதே பஸ்ஸில் போய்ப் படித்து முடித்தான்.

தெருவில் இருந்த சின்னப் பெண்கள் எல்லாரும் அதில் ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள்: சொன்னால் படிப்பு போய்விடும். பின்னால் கல்லூரிக்குப் போனவர்கள் பஸ் நெரிசலில் இடித்தவனைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே பின்தொடர்ந்தவனைப் பற்றியும் சொல்லவில்லை. அவர்கள் பயந்தது அவனுக்கு இல்லை, வீட்டுக்கு.

சென்ற நூற்றாண்டில் வேலிக்கும் விறகுக்கும் ஆகும் என்று எங்கள் சீமைக்குக் கொண்டுவந்த மரம்தான் வேலிக்காத்தான். வேலியைக் காப்பான் என்று பெயர் வைத்தார்கள். அது காட்டைப் பிடித்தது, கண்மாய்க்குள் இறங்கியது, தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் முள்ளாக நின்றது. பெண்களுக்கு நாங்கள் போட்ட காவலும் அப்படித்தான் ஆனது. காக்க வந்தது, காக்க வேண்டிய படிப்பையே மூடிக்கொண்டது.

சட்டங்கள் வந்த வழி

அந்த நாளில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாலும் போய்ச் சொல்ல இடம் கிடையாது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல்தான் வந்தது. பிறகு மெல்ல மெல்ல மாவட்டங்களுக்கும் அருப்புக்கோட்டை போன்ற ஊர்களுக்கும் வந்தது.

கல்லூரிப் பிள்ளைகளைக் காக்க வந்த இரண்டு சட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கிறது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர் பொன் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். மறுவருடம் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்தவர்களின் சீண்டலில் கீழே விழுந்து இறந்தார். அந்த வருடமே ஈவ் டீசிங் தடைச் சட்டம். சீண்டல் என்ற சின்னச் சொல்லுக்குள் எவ்வளவு பெரிய குற்றம் இருக்கிறது என்பதை அந்தச் சாவுதான் சொல்ல வேண்டியிருந்தது. பிற்பாடு சட்டத்தின் பெயரிலேயே அதைப் பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் என்று மாற்றினார்கள்.

ராஜஸ்தானில் வேலை நிமித்தமாக ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவிக்கு 1992இல் நேர்ந்த பாலியல் கொடுமையிலிருந்து இன்னொரு வழி பிறந்தது. அதை முன்வைத்த வழக்கில்தான் 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை என்றால், அதை விசாரிக்க அந்த இடத்திலேயே ஒரு குழு இருக்க வேண்டும் என்றது. 2013இல் அது சட்டமானது. 2016 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு, மாணவிகளையும் சேர்த்துக் கல்லூரிகளுக்கு என்று தனி விதிகளை அறிவித்தது. ஆக 2018 பிறந்தபோது காகிதத்தில் எல்லாம் இருந்தது.

2018, அருப்புக்கோட்டை

அந்த வருடம் மார்ச் மாதம் தேவாங்கர் கலைக் கல்லூரியின் கணிதத் துறை உதவிப் பேராசிரியர் நிர்மலாதேவி, தன் கல்லூரி மாணவிகள் நால்வரிடம் போனில் பேசினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மேலிடத்தில் இருப்பவர்களுக்கு 'ஒத்துழைத்தால்' மதிப்பெண் கிடைக்கும், பணம் கிடைக்கும், மேற்படிப்புக்கு வழி பிறக்கும் என்ற வகையில் போனது பேச்சு. மிரட்டும் குரல் கிடையாது. அக்கறையாக, பாசமாக, பிள்ளைகளுக்கு நல்லது செய்வதைப் போல.

நாங்கள் நம்பியிருந்த காவல் எல்லாம் அந்த ஒரு போனில் உதவாமல் போனது. சுவர் இருந்தது, வாட்ச்மேன் இருந்தார். பேசியது பெண், அதுவும் ஆசிரியை. ஆண்களிடமிருந்து பிள்ளைகளை மறைத்து வைத்தால் போதும் என்று நினைத்த ஊருக்கு, இப்படியொரு வழியில் ஆபத்து வரும் என்று தோன்றியதே இல்லை. அவர் காட்டிய தூண்டிலைப் பாருங்கள்: மதிப்பெண், பணம், மேற்படிப்பு. மானாவாரி விவசாயி வீட்டுப் பெண்ணுக்கும் தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கும் எது இல்லையோ, அது. இன்டர்னல் மார்க் ஆசிரியர் கையில் இருக்கிறது என்ற பயம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. அந்தப் பயத்தின் மேல்தான் அந்தப் பேச்சு நடந்தது.

அந்த நான்கு பெண்கள் என்ன செய்தார்கள் என்பதை இந்த ஊர் மறக்கக் கூடாது. வேண்டாம் மேடம், இதைப் பற்றிப் பேசாதீர்கள் என்று திரும்பத் திரும்ப மறுத்தார்கள். பேச்சைப் பதிவு செய்தார்கள். கல்லூரியில் புகார் கொடுத்தார்கள். ஆசிரியை பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஏப்ரல் நடுவில் அந்த ஒலிப்பதிவு ஊர் முழுக்கப் பரவியது. ஏப்ரல் 16 அன்று போலீஸ் அவரைக் கைது செய்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. பல்கலைக்கழக வேந்தர் என்ற முறையில் ஆளுநர், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். சந்தானத்தை விசாரிக்க நியமித்தார்.

கேட்டைப் பூட்டி வைத்ததால் அவர்கள் தப்பவில்லை. நால்வர் ஒன்றாக இருந்ததாலும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதாலும், பதிவை அழிக்காமல் வைத்திருந்ததாலும் தப்பினார்கள். அன்றைய அக்காவிடம் இல்லாதது இந்த மூன்றும்தான்.

அதன் பிறகு நடந்ததும் எங்கள் ஊரின் கதைதான். அந்த நால்வர் யார் என்று டீக்கடையில் தேடினார்கள். பத்திரிகையும் டி.வி.யும் ஊரை முற்றுகையிட்டன. அந்தக் கல்லூரியில் படித்த, குற்றத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எத்தனையோ பெண்களை மற்றவர்கள் பார்த்த பார்வை மாறியது. "உன் மக அந்தக் காலேஜா?" என்று கேட்டார்கள். குற்றத்தைச் சொன்னவர்களும் சொல்லாதவர்களும் சேர்ந்து வெட்கத்தைச் சுமந்தார்கள். இது ஊர் செய்த தவறு. அந்தக் கல்லூரியின் மாணவிகள்தான் துணிந்து சொன்னவர்கள் என்று நாம் பெருமைப்பட்டிருக்க வேண்டும்.

ஆறு வருடமும் ஐந்து மாதமும்

2024 ஏப்ரல் இறுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் நிர்மலாதேவியைக் குற்றவாளி என்று தீர்மானித்து 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அவரோடு குற்றம் சாட்டப்பட்ட இரு ஆண்கள் விடுவிக்கப்பட்டார்கள். கைதிலிருந்து தீர்ப்பு வரை ஆறு வருடம். பி.எஸ்ஸி. சேர்ந்த பெண் பட்டம் வாங்கி, எம்.எஸ்ஸி.யும் முடித்து வேலைக்கே போயிருக்கக்கூடிய காலம். அந்தக் காலம் முழுக்க ஒரு வழக்கு முடியவில்லை என்றால், புகார் கொடுக்க நினைக்கும் அடுத்த பெண்ணின் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று யோசிக்க வேண்டியதில்லை.

அதே 2024இன் டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தது. மறுநாளே அவர் புகார் கொடுத்தார். அதற்குப் பிறகு அவருக்கு இரண்டாவது அநியாயம் நடந்தது. அவருடைய அடையாளம் தெரியும்படி முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு, பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை கிடைத்தது.

சம்பவம் நடந்து ஐந்து மாதம் சொச்சத்தில் தீர்ப்பு. இரண்டு வழக்கும் ஒன்றல்ல, ஒப்பிடுவதற்கு எல்லை உண்டு. ஆனாலும் மனம் வைத்தால் மாதக் கணக்கில் முடிக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. தலைநகரத்துப் பிள்ளைக்குக் கிடைத்த வேகம் கரிசல் காட்டுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். தொலைதூரத்து ஊர் என்பதால் நீதியும் மெதுவாக வரும் என்றால் நாங்கள் ஏற்க முடியாது.

இன்று: உள்ளங்கைக்குள் வந்த தொல்லை

அன்று தொல்லைக்கு ஓர் இடம் இருந்தது: பஸ், பஸ் ஸ்டாண்டு, கேட்டுக்கு எதிரே உள்ள கடை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் அது வெளியே நின்றுவிடும். இன்று அது போனுக்குள் இருந்துகொண்டு, ராத்திரி பதினொரு மணிக்குப் பாய்க்கு அருகில் வெளிச்சம் காட்டுகிறது. இன்ஸ்டாகிராமில் பழகியவன் படம் கேட்கிறான். கொடுத்த படத்தை வைத்துப் பணம் கேட்கிறான். கொடுக்காத படத்தைக்கூட ஒட்டு வேலை செய்து உண்டாக்குகிறான். "உங்க வீட்டுக்கு அனுப்பிருவேன்" என்கிறான்.

இந்த ஒரு மிரட்டலுக்குள்தான் அவனுடைய பலம் முழுவதும் இருக்கிறது. வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அக்காவின் டிபன் பாக்ஸைக் கவிழ்த்து வைத்த அதே வழக்கத்தைத்தான் இன்றைய குற்றவாளி கருவியாக எடுத்துக்கொண்டிருக்கிறான். வீடு அந்த வழக்கத்தை விட்டுவிட்டால் அவன் கையில் ஒன்றுமே இல்லை.

பெண் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் உண்டு. மிரட்டல் வந்தால் மெசேஜை அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பிறகு பிளாக் செய்யலாம். ஒரு தடவை பணம் கொடுத்தால் மறுபடி கேட்பான், அதனால் கொடுக்க வேண்டாம். இணையக் குற்றம் என்றால் 1930, பெண்கள் உதவிக்கு 181, உடனே போலீஸ் வேண்டும் என்றால் 112. சம்பவம் எந்த ஊரில் நடந்தாலும் பக்கத்தில் உள்ள எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. பாலியல் வன்கொடுமையால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம். ஊர் வாட்ஸப் குரூப்பில் போடுகிறவருக்கும் அது பொருந்தும்.

நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம்

எல்லாக் கல்லூரியிலும் கண்ணில் படும்படி நோட்டீஸ் போர்டில் உள்புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்க வேண்டும். தாள் இருக்கும் இடத்திலும் அதை நின்று படித்த மாணவி அரிது. ஆனால் அந்தக் குழுவுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பலம் சின்னதல்ல.

தலைவர் மூத்த பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். கல்லூரிக்கு வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால், மாணவர்களே தேர்ந்தெடுத்த மூன்று மாணவப் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன் போன்ற உயர்பதவிக்காரர்கள் குழுவில் இருக்கக் கூடாது. புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் உண்டு. விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும்.

எனக்கு இந்த விதிகளில் மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று. புகார் விசாரணையில் இருக்கும்போது, புகாருக்கு ஆளானவர் அந்த மாணவியின் தேர்வையோ மதிப்பெண்ணையோ தொடக் கூடாது என்று கல்லூரி தடுக்கலாம். 2018இல் எந்தப் பயத்தின் மேல் தூண்டில் போட்டார்களோ, அந்த இன்டர்னல் மார்க் பயத்துக்கு நேரான மருந்து இது. இதை முதல் வருட மாணவிக்கு முதல் வாரத்திலேயே தமிழில், தெளிவாக, உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். சொல்லாத வரைக்கும் அது வெறும் காகிதம்.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு இன்னும் சில சொல்வேன். வெளி உறுப்பினராக நிர்வாகத்துக்கு வேண்டப்பட்டவரைப் போடாதீர்கள். பெண்களோடு உழைத்த அனுபவம் உள்ளவரைப் போடுங்கள். பிரதிநிதிகளை ஆசிரியர் கைகாட்டாமல் மாணவர்கள் ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுக்கட்டும். ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் கடைசி டவுன் பஸ் எப்போது என்று பார்த்து விடுங்கள். கல்லூரி வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் விளக்கு எரிகிறதா என்று ஒரு நாள் இருட்டியபின் முதல்வரே நடந்து பாருங்கள். கேமரா வைப்பது நல்லதுதான். நிர்மலாதேவி பேசிய பேச்சை எந்தக் கேமராவும் பிடித்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பையன்களையும் இதில் உட்கார வையுங்கள். நோட்டுக்குள் கடிதம் செருகுவது காதல் இல்லை, மறுத்தபின் பின்தொடர்வது வீரம் இல்லை என்று அவனுக்குப் பதினெட்டு வயதிலாவது ஒருவர் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் காலை

சட்டம் வந்துவிட்டது, குழு வந்துவிட்டது, உதவி எண் வந்துவிட்டது. இவை எல்லாம் அவள் வாயைத் திறந்தபின் வேலை செய்பவை. வாயைத் திறக்க வைப்பது வீடு.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும் பெண்ணின் முகம் வாடியிருக்கிறது. "என்னத்தா, என்ன ஆச்சு?" என்று அம்மா கேட்கிறாள். அவள் சொல்கிறாள். அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்த வீடு என்ன பேசுகிறதோ, அதுதான் இந்தச் சீமையின் கல்லூரிப் பாதுகாப்பு. "நீ ஏன் அவன்கிட்ட பேசுன?" என்று கேட்டால் அவள் இனிமேல் எதையும் சொல்ல மாட்டாள். "சரித்தா, நாளைக்கு நானும் வாரேன், புகார் எழுதிக் கொடுப்போம்" என்று அப்பா சொன்னால், மிரட்டியவன் அந்த நிமிடமே தோற்றுவிட்டான்.

எங்கள் தெரு அக்காவுக்கு இப்போது பேத்தி இருக்கிறாள். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். அண்மையில் அவளுக்கும் போனில் ஒரு தொல்லை வந்தது. பாட்டியிடம்தான் முதலில் சொன்னாளாம். பாட்டி மகனையும் மருமகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் விடியற்காலையில் அவரே எழுந்து, புளிச்சோறு கிண்டி, டிபன் பாக்ஸைக் கட்டி, பேத்தியின் பைக்குள் வைத்தார்.